யேசுவடியாள் மன்னித்த விதம்

ஐக்கியபுரத்துக் கிறிஸ்தவர்கள் சண்டை போடுவதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. கோழிக்காகப் போட்டோம், வரப்புக்காகப் போட்டோம், கோயில் பாயில் யார் முந்தி உட்காருவது என்பதற்காகவும் போட்டோம். ஆனால் சண்டையை முடிப்பதற்கு எங்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து, ஆண்டவர் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குகிற பந்தி. முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பந்திக்கு வருகிறவர்கள் கோயிலுக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். ராசியாகிற வரை இரண்டு பேருக்கும் பந்தி கிடையாது. ராசியானால், யார் யாரை எதற்காக மன்னித்தார் என்று சபைப் புத்தகத்தில் எழுதி, இருவரும் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான். பள்ளிக்கூட வாத்தியாரும் நானே, உபதேசியாரும் நானே. பன்னிரண்டு வருஷம் எழுதினேன். ரூத்தின் கோழியைக் கல்லால் அடித்ததற்கு அன்னம்மாளை ரூத் மன்னித்தாள். பனையோலையை வெட்டிக்கொண்டு போனதற்கு மாசிலாவை ஞானக்கண் மன்னித்தான். பக்கம் பக்கமாக இப்படித்தான் இருக்கும். பாயில் உட்காருகிறவர்கள் பாயில் உட்காருகிறவர்களை மன்னித்திருக்கிறார்கள். பெஞ்சியில் உட்காருகிற நிலபுலன்காரர்களை யாரும் மன்னித்ததாக ஒரு வரி கிடையாது. அவர்கள் அப்பேர்ப்பட்ட பரிசுத்தவான்கள்.

யேசுவடியாள் பாயில் உட்காருகிறவள். வீடு வீடாகப் போய் நெல் குத்திக் கொடுப்பாள். கூலி தவிடும் நொய்யும். வீட்டுக்காரிக்கு மனது இளகினால் கொஞ்சம் அரிசியும் கிடைக்கும். எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவர்களுக்கு ஜெபங்களையும் கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகளையும் பந்திக்கு முன் வாசிக்கிற புத்திமதியையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. மற்றவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள். இவள் உலக்கை போடுகிற தாளத்திலேயே ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பாள். ஒப்பித்த பிறகு கேள்வியும் கேட்பாள்.

“அடுத்தவங்களுக்குச் செஞ்ச தீங்கைச் சரிக்கட்டிட்டுப் பந்திக்கு வரணும்னு இருக்கே வாத்தியாரே. சரிக்கட்டுததுன்னா என்ன?”

“மனசு வருத்தப்படுததும்மா” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றாள். அவ்வளவுதான் என்றேன். எங்களுக்கு வசதியான அர்த்தம் அதுதான்.

அவள் புருஷன் முத்துமாலை, வேதக்கண் மூப்பரின் வண்டிக்காரன். பேச்சு குறைவு. வண்டியை நிறுத்தினால் நிறுத்தின இடத்தில் தூங்கிவிடுவான், அது ஒன்றுதான் அவனிடம் குறை. மூப்பருக்கு ஆற்றுப்பாசனத்தில் பன்னிரண்டு கோட்டை விதைப்பாடு நிலம். கோயில் மணி அவர் கொடுத்தது. கோபுரத்தில் பாதி அவர் கொடுத்தது. கோயிலுக்குள் ஆண்டவர் பேர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், மூப்பர் பேர் வாசற்கல்லிலேயே இருக்கும். அவர் பிள்ளை இல்லாதவர், அக்காள் மகன் தவமணியை டவுணில் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அந்தப் பையன் வெள்ளைக் காலருக்கும் கிராப்புக்கும் செலவு பண்ணினது போகத்தான் படித்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டாம் வருஷம் மார்ச் மாதம் பதிமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, திருநெல்வேலியில் கலகம் நடந்தது. சுதேசித் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்று கடைகளை அடைத்தார்கள், கல் பறந்தது, சீமெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். எங்கள் ஊருக்கு டவுண் ஒன்பது மைல். தவமணி முந்தின நாளே ஊருக்கு வந்திருந்தவன், வெள்ளிக்கிழமை விடியுமுன் மாமன் வண்டியைத் தானே பூட்டிக்கொண்டு போனான். தேசத்துக்காகப் போனானா வேடிக்கை பார்க்கப் போனானா என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. வண்டியில் கல்லும் எண்ணெய் டின்னும் ஏற்றினார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வண்டியையும் மாட்டையும் நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான்.

வண்டி இல்லாததால் முத்துமாலைக்கு அன்றைக்கு வேலை இல்லை. அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலில் ஆராதனை. அந்த லெந்திலேயே அவன் வந்த ஒரே வெள்ளிக்கிழமை அதுதான். வந்து பாயில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து தூங்கினான்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆராதனைக்கு வந்தவர்களுக்கு நான் வரவுப் பதிவுப் புத்தகத்தில் புள்ளி வைப்பேன். தூங்கினவர்களுக்குப் புள்ளிக்குக் கீழே ஒரு கோடு இழுப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருகிற மிஷன் துரை, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கவனித்தார்கள் என்று கேட்பார். அதற்காக நானே கண்டுபிடித்த அடையாளம் அது. துரை மெச்சினார். மார்ச் பதிமூன்றாம் தேதியில் முத்துமாலைக்குப் புள்ளியும் உண்டு, கோடும் உண்டு.

ஒரு வாரத்தில் போலீஸ் வந்தது. வண்டிச் சட்டத்தில் மூப்பர் பேர் கொத்தியிருந்தது, அவருக்குத்தான் எதிலும் பேர் கொத்தாவிட்டால் தூக்கம் வராதே. வண்டியை ஓட்டினது யார் என்று கேட்டார்கள். மூப்பர் ஒரு வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “என் வண்டிக்காரன் முத்துமாலை” என்றார். முத்துமாலையைக் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அன்றைக்குச் சாயங்காலமே தவமணி தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக்குக் கப்பலேறினான்.

யேசுவடியாள் நேராக என்னிடம் வந்தாள். “வாத்தியாரே, அவுக கோயில்ல இருந்தாகன்னு உங்க புத்தகத்துல இருக்கும்லா. அதை எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்கு வாங்க.”

ஐயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். எங்கள் ஐயர் அருமைநாயகம் சாதுவான மனுஷர், மூப்பர் வீட்டுப் பசும்பாலில் வளர்ந்த சாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“கிறிஸ்தவன் கிறிஸ்தவன் மேல அந்நியர் கோர்ட்டுல வழக்காடக் கூடாதுன்னு வேதத்துலயே விலக்கியிருக்கு வே. சபைப் பதிவை அங்கன கொண்டுபோனா ஆண்டவர் நாமத்துக்குத்தான் இழிவு. அந்தப் பெண் பொறுமையா இருக்கட்டும். கர்த்தர் பாத்துக்கிடுவாரு.”

மூப்பர் அதே கோர்ட்டுக்குத்தான் சரிகைத் துப்பட்டா போட்டுக்கொண்டு போகிறார், அந்த வசனம் அவரைக் கட்டாதா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விசாரணை நாளில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி, பங்குனி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். வேர்த்து ஊற்றியது, அது காய்ச்சல் என்று என் வீட்டில்கூட ஒருவரும் நம்பவில்லை.

கோர்ட்டில் மூப்பர் வேதப் புத்தகத்தைக் கையில் வாங்கி முத்தமிட்டுச் சத்தியம் பண்ணினார். முத்துமாலை, “கோயில்ல தூங்கிக்கிட்டிருந்தேன் எசமான்” என்றான். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். அவன் கும்பலைத் திரும்பிப் பார்த்தான், எங்கள் ஊரார் பதினோரு பேர் அங்கே நின்றார்கள், அத்தனை பேரும் மூப்பர் நிலத்தில் உழுகிறவர்கள். ஒன்றரை வருஷம் கடுங்காவல். அடுத்த ஞாயிறு ஐயர், அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். எங்கள் சபையின் ராஜவிசுவாசத்தைத் துரை பாராட்டி எழுதினதாகவும் சொன்னார். பெஞ்சிகள் எல்லாம் தலையாட்டின.

யேசுவடியாள் அழுது கொண்டு கிடக்கவில்லை. பாளையங்கோட்டைச் சிறைக்கு நடந்து போய்ப் புருஷனைப் பார்த்தாள். அங்கிருந்து வண்ணார்பேட்டைக்கு நடந்தாள். அங்கே காந்திமதிநாத பிள்ளை என்று ஒரு வக்கீல். நெற்றி நிறைய விபூதி, காலையில் நெல்லையப்பரைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் வீட்டு வாசலில் நின்று முழுவதையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “அப்பீலுக்கு முப்பது நாள்தான் தவணை. அந்தப் பதிவுப் புத்தகம் வேணும். அதை எழுதினவன் சாட்சி சொல்லுவேன்னு கையெழுத்துப் போட்டு ஒரு காயிதம் தரணும். அதைக் கொண்டா, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்றாராம். ஃபீஸ் பேச்சே எடுக்கவில்லை. எங்கள் சபையில் இருந்த நூற்றெழுபது ஆத்துமாக்களில் ஒருவரும் சொல்லாததை அந்தச் சிவபக்தர் சொன்னார்.

ஈஸ்டர் வந்தது. துரை வருகிறார் என்று கோயிலுக்கு வெள்ளையடித்து, வாசலில் வாழை கட்டினோம். சனிக்கிழமை சாயங்காலம் பேர் கொடுக்கிற வரிசை. ஐயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மூப்பர், நான் மேஜையில் புத்தகத்தோடு. யேசுவடியாள் வந்து நின்றாள்.

“முத்துமாலை பெஞ்சாதி யேசுவடியா. எழுதுங்க வாத்தியாரே.”

எழுதினேன்.

“மூணு பேரு மேல மனத்தாங்கல் இருக்கு. மூப்பரு மேல, ஐயரு மேல, உங்க மேல.”

பேனா நின்றுவிட்டது. முறைப்படி பார்த்தால் மூன்று பேருக்கும் பந்தி இல்லை, அதிலும் பந்தி பரிமாறப்போகிறவருக்கே இல்லை. நாளைக்குத் துரைக்கு முன்னால் என்ன செய்வது என்று ஐயர் முகம் சுண்டிப்போயிற்று.

“நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பேசலாமாம்மா? ஆண்டவர் சிலுவையில கிடந்தும் எல்லாரையும் மன்னிக்கலியா? நீயும் மன்னிச்சிரு. உனக்குத்தான் ஆசீர்வாதம்.”

“மன்னிக்கத்தான் ஐயா வந்திருக்கேன்.”

ஐயருக்கு மூச்சு வந்தது. மூப்பர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“முறைப்படி எழுதிக்கிடுங்க” என்றாள் அவள். “கலகத்தன்னைக்கு வண்டி ஓட்டிட்டுப் போனது மருமவன் தவமணின்னு தெரிஞ்சிருந்தும், என் வீட்டுக்காரரு பேரைச் சொல்லி, வேதத்தைத் தொட்டுப் பொய்ச்சத்தியம் பண்ணினதுக்காக, வேதக்கண் மூப்பரை யேசுவடியா மன்னிச்சுட்டா. அவுக கையெழுத்துப் போடட்டும், நான் ரேகை வைக்கேன்.”

“ஏட்டி, யாரைப் பாத்து என்ன பேசுத? நான் ஒரு தப்பும் பண்ணலை” என்றார் மூப்பர்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஐயரைப் பார்த்து, “அப்போ நான் என்னத்த மன்னிக்க?” என்றாள்.

ஐயர் வேதசாஸ்திரம் மூன்று வருஷம் படித்தவர். நெல் குத்துகிறவள் கேட்ட இந்தக் கேள்விக்கு அதில் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. கடைசியில், “இதெல்லாம் எழுத்துல வேண்டாம்மா. மனசுல மன்னிச்சாப் போதும்” என்றார்.

“ரூத் கோழிக்கு எழுதினீகளே ஐயா.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஐயர் என்னிடம், “மனக்கசப்புள்ளவள்னு போட்டுப் பேரை அடிச்சிரும் வே” என்றார். அடித்தேன். நான்கு பேரை நிறுத்த வேண்டிய இடத்தில் ஒருத்தியை மட்டும் நிறுத்தி எங்கள் முறையைக் காப்பாற்றினோம்.

மறுநாள் துரை முன்னிலையில் நாற்பத்திரண்டு பேர் பந்திக்குப் போனோம். மூப்பர் முதலில் போனார். நானும் போனேன். யேசுவடியாள் கடைசிப் பாயில் உட்கார்ந்து, ஜனங்கள் சொல்ல வேண்டிய ஜெபங்களை எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள். ஐயர் வாசித்த புத்திமதியில் பிறருக்குச் செய்த தீங்கைப் பற்றிய இடம் வந்தபோது என் காது எரிந்தது. ஆனாலும் அப்பத்தை வாங்கித் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

மத்தியானம் என் வீட்டு வாசலுக்கு அவளே வந்தாள். நான் ஈஸ்டர் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். கை கழுவும் வரை நின்றாள்.

“வாத்தியாரே, உங்க மேல உள்ள மனத்தாங்கலைத் தீத்துக்கிட வந்தேன்.”

“சொல்லும்மா.”

“முத்துமாலை கோயில்ல இருந்தது எனக்குத் தெரியும், புள்ளியும் வச்சேன், பயந்துபோயிச் சொல்லாம இருந்துட்டேன்னு எழுதுங்க. அடியில யேசுவடியா மன்னிச்சுட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பைய எழுதுங்க, அவசரமில்ல.” பிறகு, “இதைப் பிள்ளைவாள்கிட்டதான் கொண்டுபோயிக் குடுப்பேன். கோர்ட்டுல உங்களைக் கூப்பிடுவாக. தெரிஞ்சு எழுதுங்க. ஏமாத்தி வாங்கினா அது ராசியாகாது” என்றாள்.

எனக்கு வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை. முதலில் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் என்னைத் திட்டியிருந்தால், சாபம் போட்டிருந்தால், தப்பித்திருப்பேன். பிடாரி என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன். அவளோ நான் பன்னிரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்த பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, நடந்து காட்டும் என்று என் முன்னால் நின்றாள். வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். முப்பது நாளில் இன்னும் பத்து நாள் மீதி இருந்தது.

ஆனி மாதம் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் எடுத்தார்கள். பதிவுப் புத்தகத்துக்கும் எனக்கும் சம்மன் வந்தது. பிள்ளை புத்தகத்தைப் புரட்டி என்னிடம் நீட்டினார்.

“மார்ச் பதிமூணு, முத்துமாலை பேருக்கு நேரா என்ன இருக்கு வே?”

“புள்ளி. வந்திருந்தான்.”

“புள்ளிக்குக் கீழ ஒரு கோடு?”

“தூங்கினான்.”

கோர்ட்டே சிரித்தது. பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. பொய்க்கு எழுதுகிறவன் வந்தான் என்று எழுதுவான், தூங்கினான் என்று மெனக்கெட்டு எழுதுவானா என்று ஜட்ஜைக் கேட்டார். ஜட்ஜ் என்னிடம், முதல் விசாரணைக்கு ஏன் வரவில்லை என்றார். காய்ச்சல் என்றேன். இப்போது தேறிவிட்டதா என்றார். அதற்கும் சிரித்தார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முத்துமாலையை விட்டுவிட்டார்கள். மூப்பரை ஒன்றும் செய்யவில்லை. வயதான கண்ணுக்கு ஆள் அடையாளம் மாறிப்போயிருக்கும் என்று தீர்ப்பில் இருந்தது. அந்தக் கண்தான் அறுப்புக் களத்தில் ஒரு கதிர் குறைந்தாலும் காணும்.

ஊருக்கு வந்ததும் ஐயரிடம் நான் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். சம்மன் வந்துவிட்டது, சர்க்கார் உத்தரவை மீற முடியுமா என்றேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் என் வேலை தப்பியது. ஆனால் சபையின் பதிவுப் புத்தகம் கோர்ட் ஏறின விஷயம் துரை காதுக்குப் போய், அவர் வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். யாரையாவது தண்டித்தாக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பேர் கொடுக்கிற நேரம். யேசுவடியாள் வந்தாள். முத்துமாலை, தலை மொட்டையாக, கறுத்து மெலிந்து, வாசற்படியில் நின்றான். மூப்பர் அவனைப் பார்க்காமல் கூரையின் மோட்டைப் பார்த்தார். ஐயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யேசுவடியாளுக்கு ஆறு மாதம் சபை விலக்கு.

அவள் என்னைப் பார்த்து, “என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க வாத்தியாரே” என்றாள்.

ஐயரைப் பார்த்தேன். வாசித்தேன்: “முத்துமாலை மனைவி யேசுவடியாள், செய்யாத குற்றத்துக்குச் சிறையிலிருந்த தன் புருஷனை மீட்கும்படி, சபைக் காரியத்தை அந்நியர் கோர்ட்டுக்குக் கொண்டுபோனபடியால்...” ‘செய்யாத குற்றத்துக்கு’ என்பதை ஐயர் சொல்லவில்லை. என் பேனா எழுதியிருந்தது. அடிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். கோர்ட்டே அப்படிச் சொல்லிவிட்ட பிறகு எப்படி அடிக்கச் சொல்வார்?

“நல்லது” என்றாள் அவள். “இதையாவது நடந்தபடி எழுதினீகளே.”

மைக்கூட்டை அவளே இழுத்து, விரலை முக்கி, என் எழுத்துக்குக் கீழே அழுத்தி ரேகை வைத்தாள். முந்தானையில் மையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். முத்துமாலை அவள் பின்னால் போனான்.

வரிசையில் அடுத்து வேதக்கண் மூப்பர். யார்மேலும் மனத்தாங்கல் இல்லை என்றார். அவர் பேரை எழுதினேன். அதற்குக் கீழே என் பேரையும் எழுதிக்கொண்டேன்.